ஓரம் இல்லாத இறக்கை

“பாட்டிலை வச்சுட்டுக் கிளம்பு.”

அம்சம் நகரவில்லை. கையிலிருந்த பாட்டிலுக்குள், வாழைப்பழக் கூழுக்கு மேலே, பழ ஈக்களின் கூட்டுப்புழுக்கள் கறுத்திருந்தன.

“நாளைக்குப் பொரியும் சார். ஆண் ஈயோட சேர்றதுக்குள்ள பெண் ஈயைப் பிரிச்சாகணும். விட்டா என் ஆராய்ச்சி முதல்லேர்ந்து.”

“உங்கம்மா எங்கண்ணன் வயல்ல கொடி நட்டு, அறுக்க மாட்டோம்னு உட்கார்ந்திருக்காங்க. நீ என் லேப்ல ஈ பாக்கறியா? கூலிச் சண்டை முடியறவரைக்கும் இந்தப் பக்கம் வராதே,” என்றார் பேராசிரியர் தியாகராசன்.

மறுநாள் அம்சம் வரப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“வந்துட்டியா!” என்றாள் எதிர்வீட்டு ராமாயி. “மிராசு தம்பிகிட்டப் படிக்கறவ, அவங்க பக்கம்தான் நிப்பேன்னு பேசிக்கிட்டோம்.”

அம்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காளியம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“ஈக்கு றெக்கை முளைக்கலைன்னா அழுவுற?”

“முளைக்குதும்மா. ஓரம்தான் பொக்கையா இருக்கு. நீதான் ஓரம்னு பக்கத்து செல் சேதி சொல்லணும். அப்பத்தான் உள்ள இருக்கற மரபணு முழிச்சு வேலை செய்யும். இந்த ஈயில சேதி போய்ச் சேரலை. எது தடுக்குதுன்னு பாக்கறேன். பாத்தேன்... இனிமே எங்க?”

“பக்கத்துல இருக்கறவ சொல்றது மனுசனுக்கே கேக்க மாட்டேங்குது. ஈ எம்மாத்திரம்!”

ராமாயி சிரித்தாள். அம்சத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

பொழுது சாயும்போது மிராசு வயலுக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். கேட்ட கூலிக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

விடிந்ததும் அம்சம் லேபுக்கு ஓடினாள். ஆணும் பெண்ணும் கலந்து போயிருக்கும் என்றுதான் நினைத்தாள்.

மேசையில் ஆண் ஈக்கள் தனி, பெண் ஈக்கள் தனி. மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார் தியாகராசன்.

லேப் உதவியாளர் ரெத்தினம் அவளிடம் டீயை நீட்டினார்.

“சார் நேத்து காலையிலேர்ந்து எந்திரிக்கலைம்மா. வெளியூர் ஆளை வச்சு அறுத்துடலாம், நீ கூட வந்து நில்லுன்னு அண்ணன் போன் மேல போன். ஈ பொரியுது, வர முடியாதுன்னுட்டாரு.”

தியாகராசன் நிமிரவில்லை.

“கூலி என்ன ஆச்சு?”

“ஒத்துக்கிட்டாங்க சார்.”

“ம். இன்னும் ரெண்டு பாட்டில் பாக்கி. உட்காரு.”

அம்சம் பாதி குடித்த டீயை மேசையில் வைத்துவிட்டு, ஈ பிரிக்கும் தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலேயே தியாகராசன் கையை நீட்டி அந்த டம்ளரை எடுத்தார். வாய் வைத்து மீதியைக் குடித்தார்.