நெம்மேலி வளைவில் நசுங்கிய கார்

மனிதனைத் திருத்த மரண பயத்தைவிடச் சிறந்த ஆசான் கிடையாது என்று கண்டறிந்த பெரியவர்கள், குடித்துவிட்டு ஓட்டியவனின் நசுங்கிய காரை நெம்மேலி வளைவில் ஆளுயரச் சிமெண்ட் மேடைமேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மரமே இல்லாத இந்தக் கடலோரச் சாலையில் நிழல் தருவது அது ஒன்றுதான். அதனால் பிற்பகல் மூன்று மணிக்கு, காலி குவார்ட்டர் பாட்டிலோடு கலைவாணன் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சலில் கொதிக்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவனுடைய பைக் சாவியைப் பிடுங்கிக் கைக்குள் இறுக்கியபடி அவன் மனைவி அன்பரசி நிற்கிறாள். புதுப்பட்டினம் டாக்டர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த பஸ் நாலரைக்குத்தான். "யோவ், தலைக்கு மேல இன்னா கீதுன்னு பாத்தியா?" "பாத்துகினுதான் கீறேன். அவன் ஃபுல்லு அடிச்சவன். நான் வெறும் குவார்ட்டரு. சாவியக் குடு." "அவனும் இப்டிதான் சொல்லிட்டு ஏறியிருப்பான்." கடல்காற்றில் மேலே காரின் கதவு கிறீச்சிடுகிறது. அன்பரசி சாலையோரம் போய்க் கை நீட்டுகிறாள். வருகிற வண்டிகள் எல்லாம் வேகம் குறைக்கின்றன. உள்ளே இருப்பவர்கள் மேடையை அண்ணாந்து பார்த்து, உச்சுக்கொட்டி, போய்விடுகிறார்கள். மூன்றரை ஆகிறது. குழந்தை முனகுகிறது. அன்பரசி திரும்பி வந்து சாவியை நீட்டுகிறாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.