இருப்பதிலேயே மெதுவானது

“உங்ககிட்ட இருக்கறதுலயே மெதுவான ப்ராசசர் எது?”

கடைக்காரர் காதில் சரியாக விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். இரண்டு மாதம் முன்பு இதே ஸ்டூலில் உட்கார்ந்து, இருப்பதிலேயே வேகமானது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிப் போனவள்.

“மேடம், இத்தனை வருஷத்துல இப்படி யாரும் கேட்டதில்ல” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

அந்த முதல் தடவை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பாவின் கம்ப்யூட்டருக்கு ப்ராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தாள். பழைய மதர்போர்டில் புதுசு உட்காராது, போர்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். ஒவ்வொரு அட்டைப்பெட்டியாகத் திறந்து வைத்தார். இது போதும், நடுத்தரமானது, பெரியவருக்கு இதுவே ஜாஸ்தி என்று அவர் எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. மேலே இருந்ததைத்தான் இறக்கச் சொன்னாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். காலையில் குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கம்ப்யூட்டரோடு செஸ்தான். அதிலும் ஆகக் கடினமான லெவலில்தான் ஆடுவார். அதற்குக் கீழே ஆடுவது மரியாதைக் குறைவு.

பழைய கம்ப்யூட்டர் ஒரு காய் நகர்த்துவதற்குள் ஊரைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். உள்ளே விசிறி இரைய, திரையில் மணல் கடிகாரம் கவிழ்ந்துகொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில்தான் அவளுக்குப் போன் வரும்.

“அது யோசிக்குதும்மா” என்றுதான் ஆரம்பிப்பார். அப்புறம், சாப்பிட்டியா, அங்க மழையா, மாடி வீட்டுக்காரர் தண்ணிக் குழாயைத் திறந்துபோட்டுட்டுப் போயிட்டார் என்று எதையாவது சொல்வார். நடுவில் திடீரென்று, “ஆ, வச்சுடுச்சு!” என்பார். போன் கட்டாகிவிடும். பாதி வாக்கியம் அவள் வாயிலேயே நிற்கும்.

அவள் பார்சல் கிடங்கில் மேற்பார்வையாளர். லாரி ஏற்றும்போதும் போன் வரும். முதலாளி எதிரே நிற்கும்போதும் வரும்.

புதுசு மாட்டிய மறுநாளிலிருந்து வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் எப்படி ஓடுகிறது பார்ப்போம் என்று அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அப்பா தாடையைத் தடவியபடி வெகுநேரம் பார்த்துக் குதிரையை நகர்த்தினார். அவர் விரல் மவுஸிலிருந்து எழும் முன்னே எதிர்ப்பக்கத்து யானை வந்து நின்றுவிட்டது.

மறுபடி அப்பா தாடையைத் தடவினார்.

“முன்னெல்லாம் அது யோசிக்கறப்ப உன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வருவேன்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இப்ப அதுக்கு யோசனையே கிடையாது. எனக்குத்தான் யோசனை.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல நகைச்சுவைதான். அவளும் சிரித்து வைத்தாள்.

திங்கட்கிழமை அவளே போன் செய்தாள். “வேலை நேரத்துல எதுக்கும்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமையும் அதேதான். அவளுக்குத் தெரியாத யாரோ ஒரு மரியாதைக்கார மனிதரிடம் பேசுவது போலிருந்தது.

இதையெல்லாம் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? அப்பாவுக்கு இது ரொம்ப வேகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

“அந்த கேம்லயே செட்டிங் இருக்குமே மேடம். நேரத்தைக் கூட்டி வச்சா மெதுவா ஆடும்.”

அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. அப்பா கண்டுபிடித்துவிட்டார். எனக்காக அதை மந்தமாக்கப் பாக்கறியா என்று ரோஷத்தோடு பழையபடி மாற்றிக்கொண்டார்.

“அப்ப எங்க பழைய போர்டையே மாட்டிக் குடுத்துடுங்க. அந்த ப்ராசசரோட.”

“அது அன்னிக்கே காயலான் கடைக்குப் போயிடுச்சே. நீங்கதான வேணாம்னீங்க?” கடைக்காரருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. “இப்ப வர்றதுல ரொம்ப மட்டமானதை எடுத்தாக்கூட உங்க பழசை விட எத்தனையோ மடங்கு வேகம். அந்த மாதிரி மெதுவா இனிமே எவனும் செய்யமாட்டான்.”

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். பின்னால் வேறொருவர் மவுஸ் கேட்டு நின்றார். அவளை அப்படியே அனுப்பிவிடக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. தான் கொடுத்த பொருளில் குறை என்று யாரும் சொன்னதில்லை என்கிற பெருமை அவருக்கு உண்டு.

“சரி, இதைச் சொல்லுங்க மேடம். அன்னிக்கு நீங்க என்ன கேட்டீங்க? ‘கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு எங்கப்பா நாள் பூரா போன் போட்டு உயிரை எடுக்கறாரு, காசு போனாலும் பரவாயில்ல, அந்தப் போன் நிக்கற மாதிரி ஒண்ணு குடுங்க’ன்னீங்க. அதுக்குத் தோதாத்தான் குடுத்தேன். போன் நின்னுதா, இல்லையா?”

அவள் எழுந்தாள்.

“நின்னுடுச்சு” என்றாள்.