பையைத் திறக்காதவர்

"திறக்க மாட்டேன்" என்றார் கட்டம் போட்ட சட்டைக்காரர்.

பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. எதிரே நின்ற ஏட்டு, சரியாகக் காதில் விழவில்லையோ என்பதுபோலக் குனிந்து இன்னொரு தடவை கேட்டார். அதே பதில்தான் வந்தது.

பின் சீட்டில் இருந்த டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று காலைதான் அவள் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஐந்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இந்த மனுஷன் பையைக் காட்டித் தொலைத்தால்தான் என்ன?

பஸ்ஸை நிறுத்தியிருந்த அந்த வளைவில் சோதனை என்பது புதிதில்லை. எல்லாரையும் கீழே இறக்கி, சாலையோரத்து மேஜையில் பையைக் கவிழ்ப்பார்கள். என்ன தேடுகிறோம் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். போன தடவை டீச்சரின் உள்ளாடைகளை ஒரு போலீஸ்காரர் லத்தி நுனியால் புரட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அவள் புகார் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, அங்கே போனால் தலை நரைத்துவிடும் என்று புருஷன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து, கேட்டால் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பது என்று பழகிவிட்டாள்.

"எதுக்காகச் சோதனை?" என்று சட்டைக்காரர் நிதானமாகக் கேட்டார். "யார் மேலயாவது சந்தேகமா? சந்தேகம்னா என்ன சந்தேகம்?"

"அதெல்லாம் உங்களுக்குச் சொல்லணும்னு அவசியமில்லை."

"அவசியம் இருக்கு. காரணம் சொல்லாம யார் பையையும் திறக்கக் கூடாதுன்னு போன மாசம் கோர்ட்டு சொல்லியாச்சு."

கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கோர்ட்டு ஆயிரம் சொல்லும், இந்த வளைவு வரைக்கும் அது நடந்து வந்து சேர வேண்டாமா என்றார். பஸ்ஸே சிரித்தது. ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவ்வளவுதான், சட்டைக்காரருக்கு விழ ஆரம்பித்தது திட்டு. பையில் என்னவோ இருக்கப் போய்த்தான் இந்த ஆட்டம் ஆடுகிறார் என்றார் ஒருவர். முன் சீட்டில் கூடையோடு இருந்த ஆரஞ்சுக்காரம்மா, சந்தை கலைந்தபின் போய்ப் பழத்தை யார் தலையில் கட்டுவது என்று புலம்பினாள். டீச்சரும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தருடைய வீம்புக்கு ஒரு பஸ்ஸே காய வேண்டுமா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். பை மட்டும் மடியிலேயே இருந்தது.

வெளியே ஏட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். முதலில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பிறகு கை இறங்கியது. அப்புறம் 'கோர்ட்டு ஆர்டரா? சரிங்க, சரிங்க' என்பது மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டது. போனை வைத்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் டிரைவரிடம் வந்து, "கிளம்புங்க" என்றார்.

"யாரும் இறங்க வேண்டாமா?" என்று டிரைவர் நம்பாமல் கேட்டார்.

"கிளம்புங்கன்னு சொல்றேன்ல."

பஸ் வளைவு திரும்பியது. பிறகு யாரோ கை தட்ட, பஸ்ஸே தட்டியது. கண்டக்டர் விசிலை எடுத்து, நிறுத்தமே இல்லாத இடத்தில் நீளமாக ஒரு ஊது ஊதினார். ஆரஞ்சுக்காரம்மா கூடையிலிருந்து இருந்ததிலேயே பெரிய பழமாகப் பார்த்துச் சட்டைக்காரர் கையில் திணித்தாள். பையில் என்னவோ இருக்கிறது என்றவரே, ஆம்பளைன்னா இப்படி இருக்கணும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே அவள் துணிமணியும் குழந்தைக்கு வாங்கிய குட்டிச் சட்டைகளும் மடித்தது மடித்தபடியே இருந்தன. அதற்கே இத்தனை சந்தோஷம் வரும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

பஸ் ஊருக்குள் நுழைந்து நிலையத்தில் நின்றது. சந்தோஷம் அங்கேயே அணைந்தது. வாசலை மறித்தாற்போல் ஒரு போலீஸ் ஜீப். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"அதானே பார்த்தேன், அங்கே விட்டு இங்கே பிடிக்கிறாங்க" என்றார் கண்டக்டர்.

சட்டைக்காரர் எழுந்தார். டீச்சர் அவரை முந்திக்கொண்டு இறங்கி, படிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.  குரலை உயர்த்திச் சொன்னாள்.

"இவர் ஒரு தப்பும் பண்ணலை. நாங்க அத்தனை பேரும் சாட்சி. கூட்டிட்டுப் போறதா இருந்தா என்னையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க."

ஆரஞ்சுக்காரம்மா கூடையோடு இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். போலீஸ்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். பிறகு டீச்சரின் தலைக்கு மேலே பார்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்கள்.

"வாங்க சார். புது இன்ஸ்பெக்டர் பஸ்ல வருவார்னு நாங்க நினைக்கவே இல்லை."

டீச்சர் மெல்லத் திரும்பினாள். அவர் ஒரு கையில் பையும் மறு கையில் ஆரஞ்சுமாகக் கூச்சத்தோடு நின்றிருந்தார்.

"நீங்க யாருன்னு அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க பையைத் தொட்டிருக்கவே மாட்டாங்களே சார். எதுக்கு எங்க எல்லார்கிட்டயும் அவ்வளவு திட்டு வாங்கினீங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

"சொல்லியிருந்தா, என் பையை மட்டும்தாம்மா விட்டிருப்பாங்க" என்றார் அவர்.