வியாழக்கிழமை லிஃப்ட்

வியாழன், மாலை ஐந்து மணி ஐந்து நிமிடம். தொடர்ந்து ஆறாவது வாரமாக மகாராணி மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றாள்.

மகாராணி என்பது அந்தக் கட்டடத்தின் பழைய லிஃப்ட். நினைத்தால் வருவாள், நினைத்தால் நிற்பாள் என்பதால் வாட்ச்மேன் வைத்த பெயர்.

ஐந்தாவது மாடியில் மனநல ஆலோசகரின் போன் அடித்தது. அடுத்து வரவேண்டிய மூட்டுவலிக்காரர் கீழே நின்று பேசினார். அஞ்சு மாடி ஏற முடியாது மேடம், இன்னைக்கு விட்டுடுங்க என்றார்.

ஆலோசகருக்கு எரிச்சல். இத்தனைக்கும் சற்றுமுன் அறையை விட்டுப் போனவரின் தொழிலே லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் அவரிடமே சொல்லியாயிற்று. பார்க்கிறேன் மேடம் என்றார். பார்த்த லட்சணம் இது.

வீட்டிலும் இப்படித்தான் இருப்பார்போல என்று நினைத்துக்கொண்டார்.

மெக்கானிக்கும் அவர் மனைவியும் தனித்தனியாக வருகிறவர்கள். மனைவி செவ்வாய், அவர் வியாழன். ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. நான்கு மாதம் ஆகிறது. மனைவி வந்தால் பாதி நேரம் அழுகை. மெக்கானிக் ஜன்னல் வழியே மேகம் பார்ப்பார்.

போன செவ்வாய் மனைவி கேட்டுவிட்டாள்.

"அவரு கல்லு மேடம். ஒரு சொட்டு கண்ணீர் விடலை. அக்கா வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கிளம்பிடுவேன்."

யோசித்துச் சொல்வதாக ஆலோசகர் சொல்லியிருந்தார். யோசித்தும் முடித்துவிட்டார். மெக்கானிக்கின் ஃபைலில் இன்று எழுதிய கடைசி வரி: ‘துக்கம் தெரியவில்லை. மனைவி சில காலம் விலகி இருப்பது நல்லது.’

வாட்ச்மேனை ஒரு பிடி பிடித்துவிட்டு வரலாம் என்று படியிறங்கினார்.

மழைக்கு முந்திய வெளிச்சம் படிக்கட்டு முழுக்க மஞ்சளாகத் தேங்கியிருந்தது. தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. நான்காவது மாடியைத் தாண்டியதும் ஒரு சத்தம் கேட்டது. கம்பிக் கதவுக்குப் பின்னால், லிஃப்ட் போய்வரும் இருட்டுக்குள்ளிருந்து வந்தது. புறா என்று நினைத்தார். பிறகு, லிஃப்டின் வடம் முனகுகிறது என்று நினைத்தார்.

இரண்டும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற ஆண்குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

கீழே வாட்ச்மேன் லிஃப்ட் கதவில் ‘பழுது’ பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்காரு. நீங்க என்னடான்னா பலகை மாட்டறீங்க?"

"மாட்டிக்கல மேடம். அந்த மெக்கானிக் அவரேதான் நிறுத்தறாரு. பத்து நிமிஷம். அப்புறம் இறங்கி வந்து, வரேண்ணேன்னுட்டுப் போயிடுவாரு. அதுவரைக்கும் யாரும் பட்டனை அழுத்திக்கிட்டு நிக்க வேணாமேன்னுதான் பலகை."

"எதுக்குன்னு நீங்க கேக்கலையா?"

"அது உங்க வேலைதானே மேடம்?"

வாட்ச்மேன் குத்தலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தார்.

ஆலோசகர் மறுபடி ஐந்து மாடி ஏறினார். அறையில் டிஷ்யூ பெட்டி அலமாரியின் உச்சியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மேஜைமேல் இருக்கும் பெட்டி. ஆண்கள் யாராவது வருவதாக இருந்தால் அவரே எடுத்து மேலே வைத்துவிடுவார். கண்ணெதிரே இருந்தால் சங்கடப்படுவார்கள் என்பது அவர் எண்ணம். அந்தப் பெட்டிக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆண் பெண் பேதம் பாராமல் ஆலோசனை வழங்கும் பயிற்சியை முடித்ததற்கான சான்றிதழ்.

ஃபைலைப் புரட்டினார். ஆறு வாரக் கேள்விகள். அவங்க சாப்பிடறாங்களா. தூங்கறாங்களா. நீங்க ஒத்தாசையா இருக்கீங்களா. எல்லாமே மனைவியைப் பற்றி. உங்களுக்கு எப்படி இருக்கு என்று ஓரிடத்திலும் இல்லை.

கடைசி வரியைக் கோடிட்டு அடித்தார்.

செவ்வாய் வந்த மனைவியிடம் இன்னும் கொஞ்சநாள் பொறுக்கச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. லிஃப்டில் கேட்டது அவர் சொல்லக்கூடிய விஷயம் அல்ல.

வியாழனன்று பெட்டி மேஜைமேலேயே இருந்தது. மெக்கானிக் உட்கார்ந்ததும், உங்களுக்கு எப்படி இருக்கு என்று ஆலோசகர் கேட்டார்.

மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார். வெளியே மேகம் நகர்ந்து, அறை ஒருமுறை இருண்டு வெளுத்தது.

"நான்தான் மேடம் தூக்கிட்டுப் போனேன். துணியில சுத்திக் குடுத்தாங்க. கனமே இல்ல. தோள்ல மாட்டற என் டூல் பை அதைவிடக் கனம்."

இதை மனைவியிடம் சொன்னாரா என்று ஆலோசகர் கேட்டார்.

"அவளே அழுதுட்டிருக்கா. நானும் உட்காந்துட்டா வீட்டை யாரு தாங்கறது? ஆம்பளைன்னா அப்படித்தானே இருக்கணும்?"



"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்," என்றபடி ஆலோசகர் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்று மகாராணி எங்கேயும் நிற்காமல் கீழே போனாள்.

சில வாரம் கழித்து, ஏப்ரல் 11, வியாழன், மாலை ஐந்து மணி ஐந்து நிமிடம். அன்று மனைவியும் கூட வந்திருந்தாள். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் இருபது நிமிடம் நின்றது. வாட்ச்மேன் பலகையை மாட்டினார். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.