காலண்டர் தாளின் பின்பக்கம்

விளாங்குடியில் வக்கீல் ராஜஸ்ரீயின் மேசைமேல் நாற்பத்தோரு காலண்டர் தாள்கள் விரிந்து கிடக்கின்றன. மின்விசிறிக் காற்றில் பறக்கப் பார்ப்பவற்றைப் பாண்டீஸ்வரி வளையல் கையால் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். சிம்மக்கல்லில் வேன் இடித்து அவள் கணவன் முத்திருளன் தலைகுப்புற விழுந்த நாளிலிருந்து, தினமும் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதி வைத்தவை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு குறையும் பதிவாகவில்லை. நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதுபோலவே டாக்டரிடமும், "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன். வக்கீல் வாசிக்கிறார்: "மிக்சி சத்தத்துக்கு அழுதாக. மக பேரு சட்டுனு வரல." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முத்திருளன் தலை குனிகிறான். தனக்குக் கிறுக்குப் பிடிக்கிறதோ என்று இத்தனை நாளும் அவன் உள்ளுக்குள் புழுங்கியவை அல்லவா இவை!

"இம்புட்டும் மூளை குலுங்குனதால வர்றதுண்ணே. கன்கஷன்னு பேரு. ஸ்கேன்ல தெரியாது. பெரும்பாலும் சரியாயிரும். இத டாக்டர்கிட்டயும் காட்டிப் பதிய வைங்க, கேஸுக்கு அதான் பலம்." சொல்லும்போதே அவன் கண்கூசுவதைப் பார்த்து வக்கீல் ட்யூப்லைட்டை அணைக்கிறார். ஜன்னல் வெயில் மட்டும் தாள்கள்மேல் மெல்லப் படிகிறது. அவன் தோள்கள் தளர்ந்து இறங்குகின்றன. "இப்ப எப்படிண்ணே இருக்கு?" "நல்லா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்துகிறான். "வலிக்குதும்மா." சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வருகிறது. காலையில் கிழித்து வந்த இன்றைய தாளைத் திருப்பிப் போட்டுப் பாண்டீஸ்வரி பேனாவைத் தேடுகிறாள். முத்திருளன் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறான்.