சிறந்த பாட்டுக் குடும்பம்

பொன்னியின் பள்ளியில் ஒரு விதி இருந்தது. பிள்ளைகள் தினமும் மாலை இருபது நிமிடம் பெற்றோரோடு சேர்ந்து பாட வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டிய கருவி அதைக் கேட்டுப் பள்ளிக்கு மதிப்பெண் அனுப்பும்.

அப்பா இளம்பரிதிக்கும் அம்மா தேன்மொழிக்கும் வேலை முடிய எட்டு மணி ஆகும். அதனால் இருவரும் தங்கள் குரலைக் கருவியில் பதிந்து கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக, எந்தப் பாட்டையும் அவர்கள் குரலிலேயே அது பாடியது. பொன்னி ஒரு நாள்கூடத் தவறாமல் அதனுடன் பாடினாள்.

ஆண்டு விழாவில் சிறந்த பாட்டுக் குடும்பம் என்ற விருது அவர்களுக்கே கிடைத்தது.

"பாப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு பாடுங்க சார்," என்று தலைமையாசிரியை மைக்கை நீட்டினார்.

பொன்னி தொடங்கினாள். "ஓணானுக்குத் தொப்பி தெச்சோம்..."

அடுத்த வரி அப்பாவுடையது. இளம்பரிதி மனைவியைப் பார்த்தார். அவள் தாளம் போட்டுச் சமாளித்தாள்.

"அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு கண்ணு. நீயே பாடிரு," என்றார் இளம்பரிதி.

பொன்னி கோபிக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்த ஃபோனை எடுத்து, வீட்டுக் கருவியோடு இணைத்து, மைக் அருகே பிடித்தாள்.

"அப்பா, பாடுங்கப்பா."

"யாரு குடுத்தா துணி?" என்று இளம்பரிதியின் குரல் ஃபோனிலிருந்து கணீரென்று எழுந்தது. அரங்கம் கைதட்டியது.

மிச்சப் பாட்டிலாவது சேர்ந்துகொள்ளலாம் என்று இளம்பரிதி வாயைத் திறந்தார். பொன்னி உதட்டில் விரலை வைத்தாள்.

"சும்மா இருங்க. அப்பா பாடறாங்க."