மாற்று மீன்கள்

"பத்துதானே இருக்கோணும்? பத்து இருக்குதல்ல. அப்புறம் என்ன அம்மணி?"

"இருக்குதுங்ண்ணா. ஆனா இது நேத்து இருந்த பத்து இல்லீங்க."

சென்னியப்பன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடியே சிரித்தார். மீனுக்கு மீன் மூஞ்சி பார்த்து வைத்திருக்கிறாயா, எல்லாவற்றுக்கும் ஆதார் அட்டை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை.

மதியம் இரண்டு மணி. அவருடைய ஷிப்ட் முடிந்து அவளுடையது தொடங்கும் நேரம். குடிநீர் நிலையத்தின் மோட்டார் அறை காலடியில் அதிர்ந்துகொண்டிருந்தது.

சுவரோரம் அந்தக் கண்ணாடித் தொட்டி. ஆற்றிலிருந்து ஏறும் தண்ணீரில் விரல் பருமனுக்கு ஒரு குழாய் பிரிந்து வந்து அதில் விழும். ஊர் குடிப்பதற்கு முன்னால் மீன்கள் குடிக்கும்.

ஆற்றின் மேல்பக்கம், கரை நெடுகச் சாயப்பட்டறைகள். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மணிக்கு ஒருமுறை மீன்களை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். இரண்டு செத்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். நோட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பத்து, பத்து, பத்து.

நேற்றுவரை ஒன்றுக்கு வால் கிழிந்திருந்தது. எந்நேரமும் கண்ணாடியை முட்டிக்கொண்டு தனியாகத் திரியும். இன்னொன்று மேலே வந்து வந்து குமிழி விடும். வேலையில்லாத நேரங்களில் அவற்றுக்குள் ஒரு குடும்பச் சண்டையையே அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள்.

இப்போது பத்தும் ஒரே மூலையில். பேர் தெரியாத ஊரில் பேருந்தை விட்டு இறங்கியவர்களைப் போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.

எல்லாவற்றுக்கும் வால் முழுசாக இருந்தது.

அவள் குளோரின் சிலிண்டர்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே ஒரு நீல வாளி உண்டு. கிணற்றுத் தண்ணீரில், வலை போட்டு மூடி, உபரி மீன்களை வைத்திருப்பார்கள்.

அந்த வாளியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. வெயிலுக்கு ஒன்று சாகும். வயசாகி ஒன்று சாகும். ஒரு மீனுக்காக மோட்டாரை நிறுத்த முடியுமா? செத்ததை எடுத்து எறிந்துவிட்டு வாளியிலிருந்து ஒன்றை அள்ளிப் போடுவார்கள்.

சித்திரையில் அவளும் போட்டிருக்கிறாள். உள்ளங்கையில் அது துள்ளியபோது கூசியது. அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாக. எப்போதும் ஒவ்வொன்றாக. அதனால் யாருடைய ஷிப்டிலும் இரண்டு செத்ததே இல்லை.

வாளி காலியாக இருந்தது.

திரும்பி வந்தாள். சென்னியப்பன் இன்னும் போகவில்லை. பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றார். காலையில் ஆறு மணிக்கு வந்தபோதே செத்துத்தான் கிடந்தன என்றார். இரவு ஷிப்ட்காரர் பத்து என்று எழுதிவிட்டுப் போயிருந்தாராம். நிறுத்தினால் ஊரே குடத்தோடு ரோட்டுக்கு வந்துவிடும். ஏன் முன்னமே சொல்லவில்லை என்பார்கள். முன்னமே என்றால் எதுவரைக்கும் போகும் கேள்வி?

புது மீன்களைப் போட்டு எட்டு மணி நேரம் ஆகிறது, நீந்துகின்றன, அப்படியென்றால் தண்ணீரில் வந்தது போய்விட்டது என்றார்.

எங்கே போனது என்று அவர் சொல்லவில்லை.

"எத்தனைங்ண்ணா செத்துக் கெடந்துது?"

அவர் தொட்டியைப் பார்த்தார்.

"பத்தும்."



இரவு இந்தக் குழாயைத் தாண்டிய தண்ணீர் மணல் தொட்டிகளில் இறங்கி, மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, காலை பத்து மணிக்கு ஊருக்குள் போயிருக்கும். முதலில் தெற்கு வீதி. அடுத்து நெசவாளர் காலனி. காலனியில் மூன்றாவது சந்து அவளுடையது.

கொதிக்க வைத்தாலும் சில விஷங்கள் போகாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எவை என்று நினைவுக்கு வரவில்லை.

அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

ஏழு மாதத்தில் முதல் முறையாக அந்த அறையில் சத்தமே இல்லை. சென்னியப்பன் பையைக் கீழே வைத்தார். அவர் வீடு அக்கரையில். அங்கே கிணற்றுத் தண்ணீர்.

பொறியாளரைக் கூப்பிடச் சொல்லி அவரிடம் கைகாட்டிவிட்டு, தன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தாள்.

எடுத்தது மகள். நாலு வயசு. போனை எடுத்தால் முதலில் மூச்சுதான் விடுவாள்.

குரலை எப்போதும்போல வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். குழாயில் தண்ணி வந்ததாம். அப்பா குடம் நிறையப் பிடித்தாராம். நீ குடித்தாயா? இல்லையாம். நாற்றம் அடித்ததாம். அப்பா?

ஒரு சொம்பு குடித்தாராம்.

"அப்பா தூங்கறாங்க," என்றாள் குழந்தை.

அவள் கணவனுக்கு மில்லில் இரவு ஷிப்ட். தினமும் இந்த நேரத்துக்குத் தூங்குகிறவன்தான். நாலு மணிவரைக்கும் தூங்குவான். அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவான். கூப்பிட்டால் உடனே எழுந்திருக்கவே மாட்டான். தினமும் அப்படித்தான்.

தினமும் அப்படித்தான்.



"சாமி, அப்பாவத் தொட்டு எழுப்பு. அம்மா போன வெக்கல, இங்கயேதான் இருக்கறன். எழுப்பு சாமி."